மடிப்புக்கு அடியில்

2022 ஜனவரி மாதம். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. தபால் மூலம் வாக்களிப்பதற்கான விண்ணப்பம். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் போனது, எங்கே தடுக்கி விழுந்தது, கடைசியில் அதற்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். தனியொரு தாளின் கதை என்று இதைச் சொல்ல முடியாது. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து கிளம்பிய தாள்கள் இதே வழியில்தான் போயின. இதே இடங்களில்தான் மாட்டிக்கொண்டன.

தபால் ஓட்டு என்றதும் நமக்குத் தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களும் ராணுவத்தில் இருப்பவர்களும் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் கேட்காமலேயே எல்லோர் வீட்டுக்கும் வாக்குச்சீட்டு வந்துவிடுகிறது. டெக்சாஸ் அப்படியல்ல. 65 வயது நிறைந்தவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், வாக்குப்பதிவுக் காலம் முழுவதும் வெளியூரில் இருப்பவர்கள், பிரசவ நாளை எதிர்நோக்கியிருக்கும் பெண்கள், வாக்குரிமையை இழக்காமல் சிறையில் இருப்பவர்கள் என ஒரு சிறிய வட்டத்துக்குத்தான் அங்கே தபால் வாக்கு. ஆகவே நம் தாளை நிரப்பப் போகிறவர் பெரும்பாலும் வயதானவர். நடக்கச் சிரமப்படுகிறவராகவும் இருக்கலாம். மேற்கொண்டு வரும் ஒவ்வொன்றையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தாள் அந்த மேசைக்கு வந்து சேர்வதே முன்போல் இல்லை. 2020-இல் கொரோனா பரவியிருந்தபோது, ஹூஸ்டன் நகரத்தை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்ட்டி (கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது), பதிவு செய்த வாக்காளர்கள் அத்தனை பேருக்கும் விண்ணப்பத்தை அனுப்பிவைக்க முயன்றது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கேட்காத ஒருவருக்குத் தேர்தல் அதிகாரி இந்த விண்ணப்பத்தை அனுப்பினால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. கட்சிகள் அனுப்பலாம், வேட்பாளர்கள் அனுப்பலாம். தேர்தலை நடத்தும் அலுவலகம் மட்டும் தானாக அனுப்பக் கூடாது.

அந்தச் சட்டத்தின் பெயர் எஸ்.பி. 1. அதை நிறைவேறவிடாமல் தடுக்க 2021 ஜூலையில் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விமானம் ஏறி வாஷிங்டனுக்குப் போய்விட்டார்கள். அவை கூடத் தேவையான எண்ணிக்கை இல்லாமல் பிரதிநிதிகள் சபை வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவர்கள் திரும்ப வேண்டியிருந்தது, சட்டமும் நிறைவேறியது. செப்டம்பர் 7 அன்று ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டார். டிசம்பர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 1 முதல் புதிய ஆண்டின் விண்ணப்பங்களை வாங்க வேண்டும். மார்ச் 1 அன்று, கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். புதிய படிவம் அச்சடிக்க, 254 கவுண்ட்டிகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி தர, முதியவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க அலுவலகங்களுக்குக் கிடைத்தது ஒரு மாதத்துக்கும் குறைவு.

இனி தாளை நிரப்பலாம். பெயர், முகவரி, தபாலில் வாக்களிப்பதற்கான காரணம், எந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தல், பிறகு கையெழுத்து. இவை எல்லாம் பழைய சங்கதிகள். புதிதாகச் சேர்ந்தது எண். ஓட்டுநர் உரிமத்தின் எட்டு இலக்க எண்ணையோ மாநில அடையாள அட்டையின் எண்ணையோ எழுத வேண்டும். அவை இல்லாதவர் கூட்டரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுத வேண்டும். எதுவுமே வழங்கப்படவில்லை என்றால் அப்படி ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். வாக்காளர் அட்டையில் அச்சாகியிருக்கும் பதிவெண் இங்கே செல்லாது. காலாவதியான உரிமத்தின் எண் செல்லும்.

இதுவரை எந்தச் சிக்கலும் தெரியவில்லை. தன் உரிமத்தை எடுத்துப் பார்த்து எட்டு இலக்கங்களை எழுதுவது யாராலும் முடியும். சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னதும் இதைத்தான். நேரில் வாக்களிக்கிறவர் புகைப்பட அடையாளம் காட்டுகிறார். தபாலில் வருகிற வாக்கை எதைக் கொண்டு நம்புவது? அதுவரை இருந்த வழி கையெழுத்தை ஒப்பிடுவது. விண்ணப்பத்திலும் உறையிலும் இருக்கும் கையெழுத்துகள் ஒருவருடையவைதானா என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். பக்கவாதம் வந்த கையும் நடுங்கும் விரலும் போடும் கையெழுத்து முறைக்கு முறை மாறும். எண்ணுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. எண் பொருந்தினால் கையெழுத்தும் அவருடையதே என்று எடுத்துக்கொள்ளலாம் எனப் புதிய சட்டமே சொன்னது. இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வேறொருவர் பெயரில் வாக்குச்சீட்டு வாங்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் தாள் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போன பிறகு தொடங்குகிறது. அங்கே ஓர் ஊழியர் தாளில் உள்ள எண்ணைக் கணினித் திரையில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்க்கிறார். திரையில் வருவது மாநிலத்தின் வாக்காளர் பதிவேடு. விண்ணப்பதாரர் எழுதிய எண் அவருடைய உண்மையான எண்ணாக இருந்தால் போதாது. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எந்த எண் ஏறியிருக்கிறதோ அந்த எண்ணாக இருக்க வேண்டும்.

பதிவேட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது? அது அவர் எந்த ஆண்டில் வாக்காளராகப் பதிந்தார் என்பதைப் பொறுத்தது. புதிதாகப் பதிகிறவர்களிடம் உரிம எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ கட்டாயம் கேட்டு வாங்கும் முறை 2002-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அதிபர் நிக்ஸன் காலத்திலோ கார்ட்டர் காலத்திலோ பதிந்து, அதே ஊரில் இருந்து, ஒரு தேர்தலையும் விடாமல் வாக்களித்து வந்த ஒருவருடைய ஏட்டில் அந்த எண்கள் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. சிலருக்கு நான்கு இலக்கங்கள் மட்டும் ஏறியிருந்தன. சிலருக்கு உரிம எண் மட்டும். சிலருக்கு உரிமம் தரும் மாநிலத் துறை வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு எண்களைத் தந்திருந்தது. ஏட்டில் பழையது இருந்தது, பர்ஸில் புதியது இருந்தது. 2021 டிசம்பரில், டெக்சாஸின் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் வாக்காளர்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏட்டில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

எந்தத் தலைமுறைக்குத் தபால் வாக்கு தரப்பட்டதோ அதே தலைமுறையின் ஏடுதான் இப்படிக் காலியாகக் கிடந்தது. இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எழுபத்தெட்டு வயதான ஒருவர் தன் உரிமத்தைப் பார்த்து எண்ணைப் பிழையில்லாமல் எழுதுகிறார். அவர் அவர்தான். எண்ணும் அவருடையதுதான். திரையில் அந்த இடம் வெறுமையாக இருப்பதால் 'பொருந்தவில்லை' என்று பதில் வருகிறது. ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு அந்த மேசையில் வழியில்லை. இரண்டு எண்களில் எதை எழுதினால் செல்லும் என்பது அவருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும். எண் வைத்திருக்கிறாரா என்பதைச் சோதிப்பதாகத்தான் பேச்சு, ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் எதைக் குறித்துவைத்தார் என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி நடுவில் செய்திகள் வரத் தொடங்கின. தலைநகர் ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்ட்டியில் அதுவரை வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழப் பாதியை நிராகரிக்க வேண்டியிருந்ததாக அங்கே 1987 முதல் தேர்தல்களை நடத்தி வந்த டேனா டெபோவார் அறிவித்தார். மாநிலத் தேர்தல்களை மேற்பார்க்கும் மாநிலச் செயலர் அலுவலகம், கவுண்ட்டிகள் தங்கள் சரிபார்ப்பு முறையை மறுபடி பார்க்க வேண்டும் என்றது. அதன் பிறகு அங்கே நிராகரிப்பு இறங்கியது. ஆனால் அந்தக் குழப்பமே ஒன்றைக் காட்டிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ள அலுவலகத்துக்கே எதை எதோடு ஒப்பிடுவது என்பது தெளிவாக இல்லை.

எண்ணுக்கு இடமே இல்லாத பழைய படிவத்தில் விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்த தாள். அதுவும் திரும்பி வந்தது. துணை ஆளுநர் டான் பேட்ரிக்கின் தேர்தல் பிரசாரக் குழு ஆதரவாளர்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பியபோது, நிரப்பிய தாளைக் கவுண்ட்டிக்குப் பதிலாக மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பும்படி முகவரி அச்சாகியிருந்தது. அந்தத் தாள்கள் முதலில் ஆஸ்டினுக்குப் போய், அங்கிருந்து அவரவர் கவுண்ட்டிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தபாலில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும் காலம் அது.

கணக்கு இப்படி. விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாட்களுக்கு முன்னால் அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதி உதவாது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 கடைசி நாள். நிராகரித்தால் அலுவலகம் காரணத்தைச் சொல்லிக் கடிதம் அனுப்பும். கடிதம் வீடு வந்து சேர இரண்டு மூன்று நாள். புதிய தாள் வாங்க, நிரப்ப, திரும்பப் போய்ச் சேர இன்னும் சில நாள். ஜனவரி தொடக்கத்திலேயே விண்ணப்பித்தவருக்கு இரண்டாவது முயற்சிக்கு நேரம் இருந்தது. பிப்ரவரி நடுவில் விண்ணப்பித்தவருக்கு இல்லை. மாநிலம் இணையத்தில் ஒரு வழியும் வைத்தது: விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், எண்ணைத் திருத்தலாம். ஆனால் அதற்குள் நுழைய உரிம எண், சோஷியல் செக்யூரிட்டியின் நான்கு இலக்கங்கள் இரண்டையுமே அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஏட்டில் இருப்பவையோடு பொருந்த வேண்டியிருந்தது. எந்த எண் ஏட்டில் இல்லை என்பதால் விண்ணப்பம் திரும்பியதோ, அதே எண் இல்லாமல் இந்தக் கதவும் திறக்கவில்லை.

அந்த வாரங்களில் தேர்தல் அலுவலகங்களும் தன்னார்வலர்களும் முதியவர்களிடம் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள். ஒன்றாவது பொருந்தும்.

நம் தாள் இரண்டாம் முறை போய், இரண்டு எண்களோடு, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தாளின் வேலை முடிந்தது. அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் பலனாக வீட்டுக்கு ஒரு கட்டு வருகிறது: வாக்குச்சீட்டு, அதை ரகசியமாக வைக்க ஓர் உறை, அந்த உறையையும் உள்ளே வைத்து அனுப்பும் வெளியுறை. கதையின் இரண்டாம் பாதி அந்த வெளியுறையுடையது.

விண்ணப்பத்தில் எழுதியதுபோல் வெளியுறையிலும் மறுபடி எண்ணை எழுத வேண்டும். எங்கே? உறையை ஒட்டும் மடிப்புக்கு அடியில். தபாலில் போகும்போது யார் கண்ணிலும் அந்த எண் படக் கூடாது என்பதால், உறையை ஒட்டியதும் மறையும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. நோக்கம் நல்லது. அடையாள எண் திருடு போகக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் தபால்காரர் கண்ணில் படாத இடம், அவசரமாக உறையை ஒட்டுகிறவரின் கண்ணிலும் எளிதில் படாது. எத்தனையோ தேர்தல்களில் சீட்டைக் குறியிட்டு, உள்ளே வைத்து, நாக்கில் தொட்டு ஒட்டி, வெளியே கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அதே பழக்கத்தில் ஒட்டிவிட்டது. ஒட்டிய பிறகு அங்கே ஒரு வெற்றுக் கட்டம் இருப்பதே தெரியாது. விண்ணப்பத்திலேயே எண் கேட்டு, சரிபார்த்து, ஏற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் இந்த உறையே வந்திருக்கிறது. மறுபடி கேட்பார்கள் என்று நினைக்க அவருக்குக் காரணம் இல்லை.

மார்ச் 1 முடிந்து எண்ணிப் பார்த்தபோது மாநிலம் முழுவதும் 24,636 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அனுப்பப்பட்ட தபால் வாக்குகளில் 12 சதவீதத்துக்கும் மேல். 2020 பொதுத் தேர்தலில் அது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஹாரிஸ் கவுண்ட்டியில் மட்டும் ஏறத்தாழ 7,000 வாக்குகள். ஐந்தில் ஒன்று என்று சொல்லலாம். இரண்டு கட்சிக்காரர்களுடைய வாக்குகளும் அதில் இருந்தன. யாருக்குப் போட்ட வாக்கு என்று உறைக்குத் தெரியாது. ஆனால் சுமை சமமாக விழவில்லை. வாக்குரிமை பற்றி ஆய்வு செய்யும் பிரென்னன் மையம் பதிவுகளை ஆராய்ந்தபோது, லத்தீன், ஆசிய, கறுப்பின வாக்காளர்களின் விண்ணப்பமோ வாக்கோ நிராகரிக்கப்படும் வாய்ப்பு வெள்ளையர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் அதிகமாக இருந்தது தெரியவந்தது.

திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. தேர்தல் முடிந்த ஆறாம் நாள் வரை அலுவலகத்துக்கு நேரில் வந்து எண்ணைச் சரிசெய்யலாம். ஹாரிஸ் கவுண்ட்டியின் பரப்பு 1,700 சதுர மைலுக்கும் மேல். நடக்க முடியாததால் தபாலில் வாக்களித்தவரை, அந்த வாக்கைக் காப்பாற்ற நேரில் வரச் சொல்லும் கடிதம் அது.

எழுத்துப் பிழைக்காக விண்ணப்பம் திரும்புவது அமெரிக்கத் தெற்குக்குப் புதிதல்ல. 1960-களின் தொடக்கம் வரை அங்கே கறுப்பினத்தவர்கள் வாக்காளராகப் பதியப் போனால் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: உன் வயதை ஆண்டு, மாதம், நாள் கணக்கில் எழுது. ஒரு நாள் பிசகினாலும் விண்ணப்பம் செல்லாது. வயது தகுதிக்கு மேல் இருப்பது வெளிப்படையாகத் தெரியும். ஆனாலும் கணக்குப் பிழை என்று திருப்பிவிடுவார்கள். இதை ஒழிக்கவே 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. ஒருவர் வாக்களிக்கத் தகுதியுள்ளவரா என்பதைத் தீர்மானிக்கத் தேவையில்லாத ஒரு பிழைக்காகவோ விடுபாட்டுக்காகவோ அவருடைய வாக்குரிமையை மறுக்கக் கூடாது.

டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதித் துறையும் பல அமைப்புகளும் கையில் எடுத்தது இந்தப் பிரிவைத்தான். சான் அன்டோனியோவில் வழக்கை விசாரித்த நீதிபதி சேவியர் ராட்ரிகஸ், 2023 ஆகஸ்டில், எண் பொருந்தாததற்காக விண்ணப்பத்தையும் வாக்கையும் தள்ளுவது அந்தப் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஏட்டில் உள்ள ஓட்டைகளையும், ஒரே ஆளுக்குப் பல எண்கள் இருப்பதையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். கூட்டரசின் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் ரத்தும் செய்தது. விண்ணப்பிக்கிறவர் தான் சொல்லும் ஆள்தானா என்பதை உறுதிசெய்ய எண் தேவையானது, ஆகவே அது தகுதியோடு தொடர்புள்ளதே என்று நீதிபதி ஜேம்ஸ் ஹோ எழுதினார். இன்று சட்டத்தின் நிலை அதுதான். ஆளை உறுதிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எதோடு ஒத்துப்பார்க்கிறோமோ அந்த ஏடு முழுமையாக இல்லாதபோது, உறுதியாவது ஆள் அல்ல என்பதுதான் என் வருத்தம்.

2022 நவம்பர் தேர்தலில் நிராகரிப்பு 2.7 சதவீதமாக இறங்கியது. தன்னால் இறங்கவில்லை. கவுண்ட்டிகள் வெளியுறையோடு வண்ணத் துண்டுச்சீட்டுகளை வைத்தன, மடிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி. ஏட்டில் இல்லாத எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின. ஊழியர்கள் வீடுவீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். முதல் முறை அடிபட்டவர்கள் இரண்டாம் முறை கவனமாக இருந்தார்கள். அவ்வளவு பேர் உழைத்த பிறகும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை.

மார்ச்சில் தள்ளப்பட்ட உறைகளுக்கு என்ன ஆனது? அவற்றை எண்ணுவதற்காக யாரும் பிரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சீட்டில் யாருக்குக் குறியிட்டிருக்கிறது என்பதை, குறியிட்டவரைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். தள்ளப்பட்டவற்றைத் தனியே கட்டி முத்திரையிட்டு, விண்ணப்பத் தாள்களோடும் மற்ற ஆவணங்களோடும் கிடங்கில் வைப்பார்கள். கூட்டரசுப் பதவிகளுக்கான தேர்தல் ஆவணங்களை 22 மாதம் காக்க வேண்டும் என்பது 1960-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் போட்ட விதி. கறுப்பினத்தவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பிவிட்டு ஆதாரத்தையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. 2022 மார்ச் 1-லிருந்து 22 மாதம் எண்ணினால் 2024 ஜனவரி 1. அன்றுதான் அடுத்த முதனிலைத் தேர்தலுக்கான ஆண்டின் தபால் வாக்கு விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கினார்கள்.